இரண்டு பாட்டுக்கு நடுவில்

டி.எம்.சௌந்தரராஜன் பாடிய 'உள்ளம் உருகுதையா' முடிகிறது. முருகன் சந்நிதியில் கரைந்து நின்ற குரல் ஓய்ந்து முழுசாக ஒரு மூச்சு விடவில்லை, அதே டி.எம்.எஸ். 'நான் ஆணையிட்டால்' என்று கிளம்புகிறார். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். கையிலிருந்த சவுக்கு கண்முன் சுழல்கிறது. இரண்டு பாட்டையும் தனித்தனியே எத்தனையோ முறை கேட்டிருப்பவருக்கும் இந்த வரிசையில் கேட்கும்போதுதான் ஒன்று உறைக்கிறது: கெஞ்சுகிற இடத்திலும் மிரட்டுகிற இடத்திலும் டி.எம்.எஸ். சொல்லை உச்சரிக்கிற விதம் மாறுவதே இல்லை. வல்லெழுத்து வந்தால் அதே அழுத்தம், நெடில் வந்தால் அதே முழு நீளம்.

இந்தச் சந்திப்பை யாரும் அமைக்கவில்லை. போனில் ஷஃபிள் போட்டுவிட்டு ஒருவர் காய்கறி நறுக்க உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நல்ல பாட்டைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்குகிற அந்த இரண்டு மூன்று நொடியைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. ஷஃபிளில் கேட்கிறவரின் சுகமோ அங்கேதான் இருக்கிறது. போன பாட்டின் சுருதி காதில் நிற்கும், தாளம் இன்னும் காலில் இருக்கும், அவற்றின் மேல் புதுப் பாட்டு வந்து உட்காரும். சில நொடிகளில் காது பழையதை உதறிவிட்டுப் புதியதற்குப் பழகிவிடும். அதற்குள் கேட்டுவிட வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

எதற்கு அடுத்து எது என்பது தமிழ்க் காதுக்குப் புதிய கேள்வி இல்லை. கர்நாடக இசைக் கச்சேரிக்கு இன்றிருக்கும் வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளால் அரங்கைச் சூடாக்கி, நடுவில் பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள், மங்களம். இந்த வரிசைக்குள் ஒளிந்திருக்கும் சாமர்த்தியம் ஒன்று உண்டு: ஒரு ராகத்துக்குப் பக்கத்தில் அதன் சாயலுள்ள இன்னொன்றை வைக்கமாட்டார்கள். காம்போதியை விரிவாகப் பாடிவிட்டு அடுத்து ஹரிகாம்போதியை எடுத்தால் முன்னது பின்னதைக் கெடுத்துவிடும். உருப்படிக்கும் உருப்படிக்கும் நடுவே பாடகர் தொண்டையைச் சரிசெய்துகொள்வார், மிருதங்கக்காரர் வலந்தலையைத் தட்டிப் பார்ப்பார், தம்பூரா மட்டும் நிற்காது. ரசிகர்கள் ஒரே ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

திருவிழா மைக் செட்டுக்கும் வரிசை உண்டு. சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' ஒலிக்காமல் குழாய் ஸ்பீக்கர் வாய் திறக்காது. அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். பொழுது ஏற ஏற சினிமாப் பாட்டு. 'கற்பூர நாயகியே' பாடிய ஈஸ்வரியே சற்று நேரத்தில் 'பணமா பாசமா'வுக்காக 'எலந்தப் பயம்' விற்க வந்துவிடுவார். பந்தலில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இணைப்பு வேலையைச் செய்து தந்தவர்கள் அறிவிப்பாளர்கள். கே.எஸ்.ராஜாவின் மின்னல் வேகப் பேச்சு ஒரு பாட்டின் வாலையும் இன்னொரு பாட்டின் தலையையும் முடிச்சுப் போடும். பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' வேறு வகை. எழுத்து ஒன்று கிடைத்தால் போதும், அதில் தொடங்கும் எந்தப் பாட்டும் வரலாம். சோகப் பாட்டுக்குப் பின்னால் டப்பாங்குத்து வருவதற்கு ஓர் எழுத்தே காரணம். அதில் கிடைத்த சிரிப்பும் ஷஃபிள் தருகிற சிரிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கேசட் காலம் இதற்கு நேர் எதிர். ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் கடைகளில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். கைதேர்ந்த கடைக்காரர் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த வரிசையை அப்படியே பின்பற்றமாட்டார். சைடு முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்துபோகாதபடி நீளம் பார்த்து மாற்றி அடுக்குவார். மூன்று நிமிடச் சின்னப் பாட்டு ஒன்றை ஓரத்தில் சொருகுவார். அந்தக் கேசட் தேயும்வரை ஓடும். பத்து வருஷம் கழித்து எங்கோ டீக்கடையில் அதே பாட்டு ஒலித்து முடியும்போது, கேசட்டில் அதற்கு அடுத்து வந்த பாட்டின் முதல் ஸ்வரம் தானாக மனதில் எழும். டீக்கடைக்காரர் வேறெதையோ போட்டிருப்பார். காது ஒரு படி இருக்கும் என்று நம்பிக் காலை வைத்துத் தடுமாறும். ஷஃபிள் தருகிற வியப்பில் பாதி இந்தத் தடுமாற்றம். வரிசை மனப்பாடமாகாதவருக்கு அது கிடைக்காது.

யோசித்துப் பார்த்தால் தமிழ் சினிமா ஆல்பமே ஒரு கலவைதான். கதையில் ஒரு தாலாட்டு, ஒரு டூயட், ஒரு குத்து, ஒரு ஒப்பாரி எல்லாம் வேண்டும். ஒரே இசையமைப்பாளர் எல்லாவற்றையும் போடவேண்டும். ஏ.ஆர்.ரஹ்மானின் 'திருடா திருடா'வை (1993) எடுத்துக்கொள்ளுங்கள். 'கொஞ்சம் நிலவு' முழுக்க மின்னணு ஒலி, டிரம்ஸ், அனுபமாவின் குரல். அதே ஆல்பத்தில் 'ராசாத்தி என் உசுரு' இருக்கிறது. வாத்தியமே கிடையாது, ஷாகுல் ஹமீதும் கூட்டுக்குரல்களும் மட்டும். இந்த ஆல்பத்தை எந்த வரிசையில் போட்டாலும் எங்கோ ஓரிடத்தில் காது அதிரும். ஆகவே ஷஃபிள் ஒரு படைப்பைச் சிதைக்கிறது என்ற புகார் இங்கே பெரிதாக எழவில்லை. மேற்கே எழுந்தது. 2021 நவம்பரில் அடேல் '30' என்ற ஆல்பத்தை வெளியிட்டபோது, பாடல்களின் வரிசையில் தான் ஒரு கதை சொல்வதாகச் சொல்லி, ஆல்பம் பக்கங்களில் முதலில் கண்ணில் படுகிற ஷஃபிள் பொத்தானை ஸ்பாட்டிஃபையை எடுக்கவைத்தார்.

பொத்தானுக்குப் பின்னால் இருப்பது எளிய கணக்கு. எல்லாப் பாட்டின் பெயரையும் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு ஒவ்வொன்றாக எடுப்பதைத்தான் ரொனால்டு ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-ல் தங்கள் புள்ளியியல் அட்டவணை நூலில் காகிதமும் பென்சிலும் கொண்டு செய்யும் முறையாகத் தந்தார்கள். 1964-ல் ரிச்சர்டு டர்ஸ்டன்ஃபெல்டு அதைக் கணினிக்கு ஏற்றபடி சுருக்கினார். எந்த வரிசைக்கும் மற்றொரு வரிசையைவிடக் கூடுதல் சலுகை கிடையாது என்பதே இந்த முறையின் பெருமை. இருபதே பாட்டை அடுக்க 24,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. அத்தனைக்கும் சம வாய்ப்பு. சில பழைய மலிவு பிளேயர்கள் மட்டும் விதிவிலக்கு. காரை எப்போது கிளப்பினாலும் 'ரேண்டம்' அதே பாட்டில் தொடங்கி அதே வரிசையில் போகும். பகடை உருட்டுகிற கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணிலிருந்து தொடங்கினால் அப்படித்தான் ஆகும்.

2005 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபாட் ஷஃபிளை அறிமுகப்படுத்தினார். விரல் நீளக் கருவி, திரையே கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்று பார்க்க வழியில்லாததையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். வாங்கியவர்களில் பலருக்கு ஒரு சந்தேகம்: இந்தக் கருவிக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டோ? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டீவன் லெவி தன் ஐபாட் ஸ்டீலி டான் குழுவை மட்டும் விடாமல் தூக்கிப்பிடிப்பதாக எழுதினார். பிறகு ஐபாடைப் பற்றி 2006-ல் அவர் எழுதிய 'தி பெர்ஃபெக்ட் திங்' நூலில் அத்தியாயங்களையே குலுக்கிப்போட்டார். ஒருவர் கையிலிருந்த பிரதியின் வரிசை இன்னொருவர் பிரதியில் இல்லாமல் போகலாம். ஆப்பிளோ 2005 செப்டம்பரிலேயே இறங்கிவந்துவிட்டது. ஒரே கலைஞர் அடுத்தடுத்து வருவதைக் குறைக்க ஐடியூன்ஸில் ஒரு வசதி வைத்தார்கள். ஜாப்ஸ் சொன்ன விளக்கம் சுவையானது: குலுக்கல் அசலாகத் தெரியவேண்டும் என்பதற்காகக் குலுக்கலைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம்.

இந்தச் சந்தேகம் நம் ஊரில் இளையராஜா வடிவத்தில் வரும். போனில் 500 பாட்டு, அதில் 200 ராஜாவுடையது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதைத் தாண்டியவர் போனில் இது குறைவான மதிப்பீடு. கள்ளமில்லாமல் குலுக்கினால் ராஜாவுக்கு அடுத்து ராஜாவே வருகிற இடங்கள் சராசரியாக எண்பது இருக்கும். ஐந்து ராஜா பாட்டு தொடர்ந்து வருகிற கட்டம் எங்காவது ஒன்று இருப்பது ஏறக்குறைய உறுதி. கேட்பவர், "என்னப்பா, இது ராஜாவை விட்டு நகரவே மாட்டேங்குதே" என்பார். போன் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

இதே மயக்கத்துக்கு வேறொரு பழைய சான்று உண்டு, பாட்டுக்குச் சம்பந்தமில்லாதது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் விழுந்த ஜெர்மன் பறக்கும் குண்டுகள் சில பேட்டைகளைக் குறிவைத்து விழுவதாக மக்கள் நம்பினார்கள். 1946-ல் ஆர்.டி.கிளார்க் என்பவர் தெற்கு லண்டனின் 144 சதுர கிலோமீட்டரை 576 கட்டங்களாகப் பிரித்து எண்ணிப்பார்த்தார். மொத்தம் 537 குண்டுகள். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. 35 கட்டங்களில் மும்மூன்று, ஏழு கட்டங்களில் நந்நான்கு. குறியே இல்லாமல் விழுந்தால் எப்படிக் கொத்துக்கொத்தாக விழுமோ கிட்டத்தட்ட அப்படியே விழுந்திருந்தது.

ஸ்பாட்டிஃபையும் முதலில் ஃபிஷர்–யேட்ஸ் முறையைத்தான் வைத்திருந்தது. புகார் தாங்காமல் 2014-ல் மாற்றியதை அதன் பொறியாளரே எழுதியிருக்கிறார். ஒரே கலைஞரின் பாட்டுகளை வரிசை நெடுகப் பரப்பி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திவிடுகிற உத்தி அது. தமிழ்நாட்டில் இந்த உத்திக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. கலைஞர் யார்? பாடியவரா, இசையமைத்தவரா? பழைய எம்பி3 கோப்பைத் திறந்து பார்த்தால் கலைஞர் என்ற கட்டத்தில் பாட்டை இறக்கிய இணையதளத்தின் பெயர் இருக்கும். பி.சுசீலாவும் மலேசியா வாசுதேவனும் ஹரிணியும் அந்தக் கட்டத்தில் ஒரே ஆள். அந்த ஆளை எப்படிப் பரப்புவது என்று எந்தக் கணக்கு சொல்லும்? அந்த வகையில் பென் டிரைவ் தலைமுறைக்குக் கிடைத்த குலுக்கல்தான் கலப்படமில்லாதது.

கணக்கு போதும், காதுக்கு வருவோம்.

ஷஃபிளில் கிடைக்கிற இணைப்புகளிலேயே உயர்ந்த சாதி, ராகம் ஒத்துப்போவது. 'கவிக்குயில்' (1977) படத்துக்காகப் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' ரீதிகௌளை. 'சுப்ரமணியபுர'த்தில் (2008) ஜேம்ஸ் வசந்தன் போட்ட 'கண்கள் இரண்டால்' அதே ராகம். நடுவே 31 வருஷம். ஷட்ஜத்திலிருந்து நேராக ஏறாமல் ஸகரிகம என்று ஒரு வளைவு எடுத்து ஏறுகிற ராகம் இது. அந்த வளைவிலேயே ஆளை அடையாளம் தெரிந்துவிடும். பாலமுரளியின் பிருகாக்கள் அடங்கின கையோடு மதுரைத் தெருவின் அந்தக் காதல் பாட்டு எழும்போது, புதுப் பாட்டு அறிமுகமாகும் முன்பே பழகினதாகத் தோன்றும். ராகத்தின் பெயர் தெரியாதவருக்கும் இது தோன்றும். பெயர் தெரிந்தவருக்குத் தோன்றுவதைவிடச் சுத்தமாகத் தோன்றும் என்றுகூடச் சொல்லலாம். மூன்றாவதாக 'முதல்வ'னின் 'அழகான ராட்சசியே' வந்துவிட்டால் அன்றைக்கு லாட்டரிதான். கச்சேரி மேடையில் இப்படி ஒரே ராகத்தை அடுத்தடுத்து வைத்தால் விமர்சகர் கிழித்துவிடுவார். போனுக்கு விமர்சகர் பயம் இல்லை.

அதைவிட நுட்பமான ஒன்று உண்டு. கச்சேரிப் பதிவுகளைக் கலந்து கேட்பவர்களுக்கு அது வாய்க்கும். ஆண் பாடகர்களில் பலர் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுவார்கள். பெண் பாடகர்கள் பெரும்பாலும் ஐந்து கட்டையை ஒட்டி. ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கட்டைக்காரரின் பஞ்சமமே ஐந்து கட்டைக்காரருக்கு ஷட்ஜம். சபாவில் இவர்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஏறினாலும் நடுவே திரை விழும், தம்பூரா மாறும். போனில் திரை கிடையாது. ஒருவர் ஒரு கட்டையில் 'நன்னு பாலிம்ப' பாடி முடிக்கிறார், ராகம் மோகனம். அடுத்து ஒருவர் ஐந்து கட்டையில் 'தாரிணி தெலுசுகொண்டி' தொடங்குகிறார். ராகம் சுத்த சாவேரி. இரண்டும் தியாகராஜர் கீர்த்தனைகள், இரண்டும் ஐந்து ஸ்வர ராகங்கள். ஆர்மோனியத்தில் விரல் வைக்கிற கட்டைகளும் அதே ஐந்துதான், ஒன்றுகூட மாறவில்லை. ஷட்ஜம் மட்டும் இடம்பெயர்ந்துவிட்டது. காது இன்னும் பழைய ஷட்ஜத்தை விடாமல் இருக்கும் முதல் சில நொடிகளில் அந்தப் பெண் குரல் மோகனத்தைத்தான் பாடுகிறது, பஞ்சமத்திலிருந்து. பிறகு அவரது தம்பூரா வென்றுவிடும். தரை நகர்ந்து சுத்த சாவேரி எழுந்து நிற்கும்.

வித்வான்கள் இதை வேண்டுமென்றே மேடையில் செய்வதற்கு கிரகபேதம் என்று பெயர். மோகனத்தின் ரிஷபத்தை ஷட்ஜமாக்கினால் மத்யமாவதி, காந்தாரத்தை ஆக்கினால் ஹிந்தோளம், தைவதத்தை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஆலாபனையின் நடுவே ஓரிரு நிமிடம் இப்படி மாற்றிக் காட்டிவிட்டு மூல ராகத்துக்குத் திரும்புவார்கள். சபையில் தலைகள் ஆடும். ஷஃபிள் இதைத் திரும்பி வராமல் செய்கிறது. சினிமாப் பாட்டுக்கு நிலையான சுருதி கிடையாது என்பதால் அங்கே இது அபூர்வம். 'அக்னி நட்சத்திர'த்தின் 'நின்னுக்கோரி வர்ணம்' மோகனம். 'கிழக்கே போகும் ரயி'லின் 'மாஞ்சோலைக் கிளிதானோ' சுத்த தன்யாசி. சுருதி சரியாக அமைந்த எந்த மோகனத்துக்குப் பின்னால் எந்தச் சுத்த தன்யாசி வந்தாலும் வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததுபோல் இருக்கும். இரண்டு பாட்டிலும் இல்லாத ஒரு பாவம் அந்த நொடியில் மட்டும் பிறந்து மறையும்.

பாட்டு எப்படி முடிகிறது என்பதும் பெரிய விஷயம். ஐம்பது, அறுபதுகளின் பாட்டு பெரும்பாலும் கதவைச் சாத்திவிட்டுப் போகும். பல்லவி, ஒரு தீர்மானம், முடிந்தது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம் என்ற காலத்தில் பழகிய கண்டிப்பு அது. பின்னால் வந்த பல பாட்டுகள் முடிவதில்லை. பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே ஒலி தேய்ந்து மறையும். பாட்டு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்போது அடுத்தது வந்துவிடுவதால், தேய்ந்து முடிகிற பாட்டுக்குப் பின்தான் இணைப்பு கனிகிறது. தொடக்கத்திலும் இப்படி இரண்டு வகை. 'இளைய நிலா' மாதிரி கிட்டாரால் வாசல் திறந்து வரவேற்கிற பாட்டு எதற்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும். முன்னிசை இல்லாமல் குரலோடு பாய்கிற பாட்டு அப்படியில்லை. பேரிரைச்சலான குத்துப்பாட்டு ஒன்று நின்ற இடத்தில் 'ராசாத்தி என் உசுரு' எழுந்து பார்க்கவேண்டும். அது வாத்தியமில்லாத பாட்டு என்பது முன்பே தெரியும். அப்போதுதான் அந்த வெறுமை எவ்வளவு பெரிது என்று காதுக்குத் தெரியும். தாளத்திலும் இப்படி உண்டு. திஸ்ர நடையில் போய்க்கொண்டிருந்த பாட்டு நின்று அடுத்தது சதுஸ்ரத்தில் கிளம்பினால், தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் விரல் இரண்டு தட்டு பழைய கணக்கிலேயே தட்டிவிட்டுத்தான் திருந்தும்.

கெட்ட இணைப்பு எது என்றும் சொல்லவேண்டும். சத்தம் மட்டும் எகிறுவது. அறுபதுகளின் பதிவு தாழ்ந்த ஒலியில் இருக்கும். அதற்காக வால்யூமைக் கூட்டி வைத்திருப்போம். அடுத்து வருகிற இன்றைய பாட்டு, சுருக்கி நெருக்கி உச்சத்திலேயே பதிந்த பாட்டு, செவிட்டில் அறையும். அதில் ரசிக்க ஒன்றுமில்லை. 2001-லேயே ரீப்ளேகெய்ன் என்ற முறை இதற்கு மருந்து கண்டுபிடித்தது: பாட்டின் சராசரி உரப்பை அளந்து எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருவது. ஸ்பாட்டிஃபை இப்போது மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற அளவை மட்டமாக வைத்திருக்கிறது. போன் அமைப்பில் இந்த வசதியைத் தேடி இயக்கி வைப்பது ஷஃபிள் ரசிகருக்கு முதல் கடமை.

இடைவெளியை ஒழிப்பது வேறு கதை. எம்பி3 கோப்பு 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக, அதாவது ஒவ்வொன்றும் சுமார் 26 மில்லிவினாடி நீளத் துண்டுகளாக, பாட்டை வெட்டிச் சேமிக்கிறது. பாட்டு கடைசிச் சட்டத்தில் கச்சிதமாக முடிவதில்லை. மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். ஆகவே தொடர்ந்து ஓடவேண்டிய இசை நடுவில் விக்கும். ஐபாடில் இந்த விக்கல் 2006-ல்தான் தீர்ந்தது. பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' (1967) ஆல்பத்தைக் கேட்பவருக்கு அந்தத் தீர்வு அவசியம். 'குட் மார்னிங்' பாட்டின் கடைசியில் கொக்கரிக்கிற கோழி, அடுத்த பாட்டின் கிட்டார் ஒலியாகவே உருமாறும். ஷஃபிளில் அந்தக் கோழி கொக்கரித்துவிட்டு எங்கே போய் விழும் என்று சொல்லமுடியாது.

திட்டமிட்ட திருப்பத்துக்கு இங்கேயும் இரண்டு சிகரங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரே பாட்டுக்குள் நடப்பது. 'தளபதி'யில் (1991) 'ராக்கம்மா கையத் தட்டு' ஆட்டமும் கொட்டமுமாகப் போகும்; நடுவில் அப்பர் தேவாரம் எழும், தில்லைக் கூத்தனைப் பற்றிய பதிகம், பெண் குரலில். குடித்துக் கும்மாளமிடும் கூட்டத்திலிருந்து கோயிலுக்குப் போகிற தூரத்தை ராஜா ஒரு மூச்சில் கடக்கிறார். 2002-ல் பி.பி.சி. நடத்திய உலக வாக்கெடுப்பில் இந்தப் பாட்டு முதல் பத்துக்குள் வந்தது. 'சிந்து பைரவி'யின் (1985) 'பாடறியேன்' நாட்டுப்புறப் பாட்டாகத் தொடங்கித் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் போய்ச் சேரும். காம்போதியில் பாடிவந்த கீர்த்தனையைச் சாரமதியில் வைத்து, தெம்மாங்கும் அதே சாரமதிதான் என்று காட்டிவிடுகிறார் ராஜா. சித்ராவுக்கு இந்தப் பாட்டு தேசிய விருது வாங்கித்தந்தது. இந்த இரண்டையும் கேட்டுப் பழகிய காதுக்கு, ஷஃபிளில் தேவாரத்துக்குப் பின்னால் தெம்மாங்கு வந்தால் யாரோ யோசித்துத்தான் வைத்தார்கள் என்று தோன்றிவிடுகிறது. அந்த மயக்கத்தைக் கலைக்க வேண்டியதில்லை.

கலைக்கிற வேலையை நிறுவனங்களே செய்கின்றன. ஸ்பாட்டிஃபையின் ஸ்மார்ட் ஷஃபிள் 2023 முதல், நம் பட்டியலுக்குள் தான் சிபாரிசு செய்கிற பாட்டுகளையும் நுழைக்கிறது. 2025-ல் ஆப்பிள் மியூசிக்கில் வந்த ஆட்டோமிக்ஸ், இரண்டு பாட்டின் வேகத்தை இழுத்துப் பிடித்து டிஜே மாதிரி ஒன்றுக்குள் ஒன்றைக் கலக்கிறது. நடன விருந்துக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் மோகனத்தின் மேல் சுத்த சாவேரி இறங்குகிற சுகத்துக்கு முதல் பாட்டு முழுசாக ஓய்ந்திருக்கவேண்டும், இரண்டாவது தன் வேகத்தில் தொடங்கவேண்டும், நடுவே காது தனியாக நிற்க ஓர் இடம் வேண்டும். மெழுகிய தரையில் அது கிடைக்காது. ஒரு பாட்டை இன்னொன்றில் கரைக்கிற கிராஸ்ஃபேடை அணைத்து வைப்பதே நல்லது.

அணைத்து வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு. சபாவில் நேரடியாகப் பதிந்த கச்சேரியைத் துண்டு துண்டாக ஏற்றி வைத்திருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். ஷஃபிளுக்கு மங்களம் எது, வர்ணம் எது என்ற விவரம் கிடையாது. காலையில் காபி இறங்கும் முன்பே சௌராஷ்டிரத்தில் 'நீ நாம ரூபமுலகு' பாடி ஆளை வழியனுப்பி வைத்துவிடும். பாகவதர் முடிக்கிறார், மிருதங்கம் ஓய்கிறது. சபை மெச்சுகிற கைதட்டல், நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ ஒரு மாமா "பேஷ்!" என்பது வரை பதிவில் இருக்கும். கைதட்டல் அடங்கவில்லை, 'அலைகள் ஓய்வதில்லை'யிலிருந்து 'வாடி என் கப்பக்கிழங்கே' தொடங்கிவிடுகிறது, சபை முழுக்கக் கேட்டு வாங்கிய துக்கடா மாதிரி.